பெருக்கியவனுக்குப் பட்டா உண்டா?

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அமெரிக்க அதிபர் டிரம்ப், தம் உரையில் பழைய அதிபர் மெக்கின்லியைப் புகழ்ந்தார். பனாமா கால்வாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார். அலாஸ்காவின் டெனாலி மலைக்கு மறுபடி மெக்கின்லி பெயரைச் சூட்டும் ஆணையும் அன்றே வந்தது. கிரீன்லாந்து வேண்டும் என்ற பேச்சோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சுகளைவிட அதிகமாக உறுத்துவது, “தன் நாட்டை ஒழுங்குபண்ணுகிறவன் அடுத்த நாட்டையும் ஒழுங்குபண்ணட்டுமே” என்று நம் தெருக்களிலேயே எழும் ஆமோதிப்பு. இது அறமாகாது. பக்கத்து வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டவன், அதற்காக அந்த வீட்டுப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டால் ஆவடிப் பக்கத்து எங்கள் சேக்காட்டில் யார் ஒப்புவார்கள்?

மெக்கின்லி காலத்தில்தான் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸைத் தனதாக்கியது அமெரிக்கா. 1898 டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுவாசிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை உயர்த்தப் போகிறோம், படிப்பிக்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். உயர மறுத்தவர்கள் மீது போர் தொடுத்தார்கள். 1901 செப்டம்பரில் சாமர் தீவின் பலங்கிகா ஊர்மக்கள் அமெரிக்கப் படைமுகாமைத் தாக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றனர். பதிலுக்குத் தளபதி ஜேக்கப் ஸ்மித் இட்ட ஆணை, பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் விடாதே என்பது. அவருக்குக் கிடைத்த தண்டனை ஒரு கண்டிப்பும் கட்டாய ஓய்வும். ஊர்த் தேவாலயத்தின் மூன்று மணிகளை வெற்றிச் சின்னமாக எடுத்துப் போனார்கள்; அவை திரும்பிவர 2018 டிசம்பர் ஆயிற்று. அந்தப் போரிலும் அதை ஒட்டிய பஞ்சத்திலும் நோயிலும் 2 லட்சம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையே தரும் கணக்கு.

இதைச் செய்த காலம்தான் அமெரிக்கச் சீர்திருத்தத்தின் பொற்காலமும். தியடோர் ரூஸ்வெல்ட் ஏகபோகக் கம்பெனிகளை உடைத்தார். 1906இல் கலப்பட உணவைத் தடுக்கும் சட்டம் தந்தார். அவரே 1903இல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்துபோகப் போர்க்கப்பலை அரணாக நிறுத்தியவர். உட்ரோ வில்சன் 1916இல் குழந்தை உழைப்புக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார். அவர் அனுப்பிய படை அப்போது ஹைட்டியில் இருந்தது. அங்கே பழைய சட்டமொன்றைத் தூசிதட்டி எடுத்து, குடியானவர்களைக் கயிற்றில் பிணைத்துச் சாலை போட இழுத்துச் சென்றது. அப்படிப் போட்ட சாலைக்கு இன்றும் நன்றி கேட்கிறவர்கள் உண்டு.

வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் இப்படி நன்மையின் பேரில் தீமை செய்வதற்கு இடமே வைக்கவில்லை. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். தாய்ப் பசிக்கே சலுகை இல்லாதபோது, அயலான் நாட்டை உயர்த்துவதற்கு எங்கிருந்து சலுகை வரும்? செங்கோலை ஏந்திப் பொருள் கேட்கும் மன்னனை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிட்டவரும் அவரே. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்ன யானைக் கதையும் புறநானூற்றில் இருக்கிறது: வயலுக்குள் புகுந்த யானை தின்பதைவிடக் காலில் மிதித்துக் கெடுப்பதே அதிகம். அமுதசுரபியோடு புகாரின் பசி தீர்த்த மணிமேகலையிடம் என்ன வேண்டும் என்று சோழன் கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொன்னாள். ஊட்டிய கைக்கு ஊரைக் கேட்கும் எண்ணம் வரவில்லை.

பிடித்த நாடுகளில் அமெரிக்கர்கள் பள்ளிகள் திறந்தார்கள், அம்மை குத்தினார்கள், காய்ச்சலை ஒழித்தார்கள் என்பதும் உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கரான ஐடா ஸ்கடர் வேலூரில் 1902இல் மருத்துவமனையும் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கியபோது, அமெரிக்கத் துப்பாக்கி ஒன்றுகூடத் துணைக்கு வரவில்லையே!

சீர்திருத்தமும் ஆதிக்கமும் ஒரே உடம்பில் குடியிருந்ததை நம் நாடு நேரில் பார்த்தது அமெரிக்க எழுத்தாளர் காதரின் மேயோவிடம். பென்சில்வேனியா மாநிலக் காவல் படையைப் போற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை தந்தவர் ரூஸ்வெல்ட். பிறகு மேயோ பிலிப்பைன்ஸ் போய்வந்து, அந்நாட்டவருக்குச் சுயாட்சி ஆகாது என்று எழுதினார். 1927இல் இந்தியாவைப் பற்றி ‘மதர் இந்தியா’. குழந்தைத் திருமணம், தேவதாசி முறை, தீண்டாமை என அவர் காட்டிய புண்களில் பல மெய்யானவை. கோவை அ. அய்யாமுத்து ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்றே நூல் எழுதி, கோபித்தவர்களை முதலில் கண்ணாடி பார்க்கச் சொன்னார். அந்த நேர்மை நமக்கு வேண்டும். ஆனால் புண் இருக்கிறது என்பதிலிருந்து, ஆகவே அந்நியன் ஆளட்டும் என்பதற்குத் தாவினார் மேயோ. அந்தத் தாவலில்தான் அறம் கெட்டது.

அவர் புகழ்ந்த ஆங்கிலேய ஆட்சி அந்தப் புண்ணுக்கு மருந்து போட அவசரப்பட்டதும் இல்லை. குழந்தைத் திருமணத் தடைக்கு மசோதா கொண்டுவந்தவர் ஹர் பிலாஸ் சார்தா என்ற இந்தியர். 1929இல் அது சட்டமான பிறகும், அதை அமல்படுத்த வெள்ளை அரசு கையைப் பிசைந்துகொண்டே நின்றது. சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. தமக்குச் சட்டம் இயற்றும் வாய்ப்புத் தந்த அதே அரசு 1930இல் காந்தியைக் கைதுசெய்ததும், பதவியை உதறி வெளியே வந்தார். சீர்திருத்தம் அரைவழியில் நின்றபோதும், அதற்காக அந்த ஆட்சிக்குத் தம் பெயரை இரவல் தரவில்லை.

சிகாகோவில் ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் நடத்திய ஜேன் ஆடம்ஸும் இந்த வகைதான். சொந்த நாட்டில் சேரிக்கும் தொழிலாளிக்கும் உழைத்தவர், பிலிப்பைன்ஸை விழுங்கியதை எதிர்த்துப் பேசினார். நம் பக்கத்திலேயே, 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் பலன் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், சேக்காட்டிலேயே சொல்வார்கள். ஆனால் மூன்று மாதத்தில் நேரு பாண்டுங் மாநாட்டுக்குப் போனபோது, எந்த நாடும் அடுத்த நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற பக்கத்தில்தான் நின்றார்.

இந்தியர் கையில் ஆட்சி போனால் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் கதி என்ன என்பது மேயோவின் வாசகர்கள் எழுப்பக்கூடிய கேள்வி. வெள்ளையர் கப்பலேறி இரண்டு மாதம்கூட ஆகாத 1947 அக்டோபரில், ஓமந்தூரார் ஆட்சியில், பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னையில் நிறைவேறியது.