கோடையில் திறக்கும் வீடு

 

பரீட்சைகள் முடிந்துவிட்டன. அடுத்த சில வாரங்கள் நம் பள்ளியில் ஸஃப்புகள் குறையும். உங்களில் பாதிப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். போய்வாருங்கள். உறவுகளைச் சேர்ந்து வாழ்வதும் இபாதத்துதான். ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வியையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் போய் இறங்கப் போகும் அந்த வீடு யாருடையது?

இந்தக் கேள்வியை முதலில் என்னிடமே கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு லால்பேட்டை. வீராணம் ஏரிக்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அத்தா கட்டிய ஓட்டு வீடு. வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். மே மாதம் நான் போய்த் திறப்பேன். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் பிள்ளைகளைக் கரைமேல் நடத்திக் கூட்டிப்போவேன். நீளமான ஏரி. சோழர் காலத்தில் வெட்டியது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து நிரம்புகிறது என்றும், 2004ஆம் ஆண்டிலிருந்து இங்கிருந்துதான் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் என் சின்ன மகள் சென்னையில் குழாயைத் திறந்தாலே “நம்ம ஊர்த் தண்ணி” என்பாள். சில கோடைகளில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள்.

அப்படி ஒரு கோடையில் என் அக்கா இரண்டு நாள் தங்க வந்திருந்தார். கிளம்பும்போது கொல்லையில் நின்றுகொண்டு, “தம்பி, இந்த மாங்காயில நாலு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார். “எடுத்துக்கங்க அக்கா, இதுக்கெல்லாமா கேக்குறது” என்றேன். பெருந்தன்மையாகப் பேசியதாக எனக்கே ஒரு நினைப்பு. இரவில் என் மூத்த மகன் கேட்டான்: “அத்தா, மாமி இந்த வீட்டுப் பிள்ளைதானே? அந்த மரம் மாமியுடையதும்தானே? ஏன் உங்ககிட்ட கேக்குறாங்க?”

ஃபராயிள் பாடத்தை மதரஸாவில் ஓதியவன் நான். மற்றவர்களின் சொத்துக்குத் தாளில் பங்கு போட்டுக் கொடுக்கிறவன். அத்தா மௌத்தாகி அப்போது பதினோரு வருடம். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நாங்கள் இரண்டு ஆண், இரண்டு பெண். வீட்டை ஆறாகப் பிரித்தால் எனக்கும் தம்பிக்கும் இரண்டிரண்டு, அக்காவுக்கும் தங்கைக்கும் ஒவ்வொன்று. முதல் வருடம் ஓதும் பையன்கூடப் போட்டுவிடும் கணக்கு. பதினோரு வருடமாக நான் போடவில்லை. ஏன்? “பிரித்தால் வீடு உடைந்துவிடும், பிள்ளைகள் கோடைக்கு வந்து போக ஓர் இடம் வேண்டாமா?” என்று சொல்லிக்கொண்டேன். பாசத்தின் பெயரைச் சொல்லித்தான் ஒரு ஹக்கைத் தடுத்து வைத்திருந்தேன்.

பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பதுபோலப் பெண்களுக்கும் பங்கு உண்டு, அது குறைவானாலும் அதிகமானாலும் விதிக்கப்பட்ட பங்கு என்று ஸூரத்துன் நிஸாவின் 7ஆம் வசனம் சொல்கிறது. அதிகமோ குறைவோ என்றால் நாலு மாங்காயும் அதில் அடக்கம். உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். பிள்ளைகளின் சிறிய தகப்பனார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியதும் நபியவர்கள் அந்தச் சகோதரரை வரவழைத்து, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி உமக்கு என்று தீர்ப்பளித்தார்கள். அந்தக் குடும்பத்திலும் யாராவது “சொத்து சிதறக் கூடாது” என்று பேசியிருக்கலாம். தீர்ப்பு அதற்காகக் காத்திருக்கவில்லை.

“ஹஜ்ரத், என் தங்கச்சியே வேண்டாம் என்கிறாளே?” என்று கேட்பீர்கள். என் தங்கையும் அப்படித்தான் சொன்னாள், “நீங்க நல்லா இருந்தா போதும் காக்கா” என்று. அந்த ‘வேண்டாம்’ எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்திலிருந்து வருகிறது. பெருநாளுக்கு வந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களோ என்ற கூச்சத்திலிருந்து வருகிறது. மனமுவந்து தராத பொருள் ஹலாலாகாது. அவள் பங்கைப் பிரித்து அவள் கையில் கொடுங்கள். அதன் பிறகும் அவளாகவே திருப்பித் தந்தால் அது அன்பளிப்பு. கணக்கே காட்டாமல் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது. கல்யாணத்திற்கு நகை போட்டோமே என்பதும் பதிலாகாது. அது அத்தா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது. மய்யித்து எடுத்த பிறகு வரும் கணக்கு தனி.

வீட்டை விற்றுவிடச் சொல்கிறேனா? இல்லை. வீராணத்தை நம்பி 44 ஆயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. ஏரி தளும்பி நின்றால் பார்க்க அழகுதான். அந்த அழகுக்காக மதகைத் திறக்காமல் வைத்திருந்தால் விவசாயி என்ன செய்வான்? மதகைத் திறந்தால் ஏரியை உடைத்ததாக யாரும் சொல்வதில்லை. வீட்டை விலைமதித்து அவர்கள் பங்குக்குப் பணம் கொடுக்கலாம். நால்வர் பெயரிலும் பத்திரம் வைத்து, நால்வரும் மனமொத்துப் பொதுவாகவும் வைத்திருக்கலாம். ஆனால் எல்லோர் கையிலும் சாவி இருக்க வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்து பேசினோம். சுலபமாக முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டை 48 லட்சத்துக்கு மதித்தார்கள். ஆளுக்கு 8 லட்சம் என்றதும், இத்தனை வருடம் வேண்டாம் என்று சொன்ன தங்கை அழுதுவிட்டாள். மகளின் படிப்புக்காக வட்டிக் கடன் வாங்கும் நிலையில் இருந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவே இல்லை. அவளுக்கு 3 லட்சம் கொடுத்திருக்கிறோம், 5 பாக்கி. அந்தக் கடனோடுதான் இந்த மிம்பரில் நிற்கிறேன். அக்கா பணம் வேண்டாம் என்றார், ஆனால் பங்கை விடவில்லை. மேற்கு அறையையும் ஒரு சாவியையும் கேட்டார். போன மே மாதம் நாங்கள் போய் இறங்கியபோது வீடு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே மீன் ஆணம் கொதிக்கும் வாசனை. “வாங்க, வாங்க” என்று அக்காதான் எங்களை உள்ளே அழைத்தார்.

இந்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரை அஸருக்குப் பிறகு நான் பள்ளி அலுவலகத்தில் இருப்பேன். பெற்றோரின் வீடு பிரிக்கப்படாமல் இருப்பவர்கள் வாரிசு சான்றிதழ் நகலையும் பத்திர நகலையும் எடுத்து வாருங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். வரும்போது உடன்பிறந்தவளையும் கூட்டி வாருங்கள்.