எழுத்தறியும் பெருமானும் நுழைவுரிமையும்

கொடுங்கையூருக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவொற்றியூரில் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயர் வழங்குகிறது. கோயில்களுக்கெல்லாம் பொதுவாக மன்னன் விடுத்த ஆணையோலையில், அதைத் தீட்டிய எழுத்தனும் அறியாதபடி, ஒற்றியூருக்கு மட்டும் விலக்களிக்கும் சொற்கள் வரிகளுக்கிடையே ஏறியிருந்தன என்பது தலவரலாறு. சேக்கிழாரும் அதைச் சுட்டுகிறார். எழுதும் உரிமைக்கு எல்லையே இல்லாத ஒருவர், தம்மை வெளிப்படுத்தாமல் எழுதலாமா என்னும் வினாவை அடியார்கள் எழுப்புவதில்லை. கணினித் தரவுத்தளங்களைக் காப்பவர்கள் நாள்தோறும் எதிர்கொள்வது அந்த வினாவைத்தான்.

தரவுத்தளச் சேவையகம் என்பது பலருடைய பதிவேடுகளை ஓரிடத்தில் வைத்து, கேட்பவருக்கு வலைப்பின்னல் வழியே எடுத்துத் தரும் கணினியாகும். போஸ்ட்கிரஸ் என்னும் மென்பொருளில் அதன் வாயிலைக் காப்பது ஓர் எளிய உரைக்கோப்பு. எந்த முகவரியிலிருந்து, எந்தப் பெயரில், எந்தத் தளத்துக்கு வருபவரை எவ்வகையில் சோதிப்பது என்று வரிக்கு ஒரு விதியாக அதில் எழுதப்பட்டிருக்கும். சேவையகம் மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியையே கொள்ளும். அச்சோதனையில் தோற்றவருக்கு அடுத்த வரி கைகொடுக்காது, எந்த வரியும் பொருந்தாதவருக்கு வாயில் திறக்காது. உள்ளே வந்தபின் எதைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம் என்பது வேறு கணக்கு.

2005இல் வெளிவந்த போஸ்ட்கிரஸின் 8.1 பதிப்பு, பயனர், குழு என்ற வேறுபாட்டை நீக்கி இரண்டையும் 'ரோல்', அதாவது பாத்திரம், என்ற ஒன்றில் அடக்கியது. ஒரு பாத்திரம் மற்றொன்றில் உறுப்பாகச் சேர்ந்தால் அதன் உரிமைகளையும் பெறும். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்று 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் கூறுவது இதற்குத் தொலைவில் இல்லை. ஆயினும் சித்தாந்தத்தில் சார்பவர் ஓர் உயிர், இங்கே வெறும் பெயர். கொடுங்கையூரில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் நால்வர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால், சரக்கு எடையை மாற்றியவர் யார் என்று கேட்கும்போது பதிவேடு அந்த ஒரு பெயரைத்தான் காட்டும். ஒற்றியூர் ஓலையின் நிலைதான் அதற்கும். அருள் மட்டும் இல்லை.

எல்லா உரிமைச் சோதனைகளையும் கடந்து செல்லும் 'சூப்பர்யூசர்' என்ற பாத்திரமும் உண்டு. அதற்கும் ஒரு தடை வைக்கப்பட்டிருக்கிறது: உள்நுழையும் உரிமை அதற்கும் தனியே வழங்கப்பட வேண்டும். எல்லாம் வல்லவரும் வாயில் வழியாகவே வரட்டும் என்னும் இந்த ஏற்பாட்டை ஒற்றியூர்க் கதை ஏற்காது. மெய்கண்டாரின் ஊராகிய திருவெண்ணெய்நல்லூரின் கதை ஏற்கும். சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காட வந்த முதியவர் அங்கே அவையோர்முன் நின்றார். சுந்தரர் முன்பே வாங்கிக் கிழித்த அடிமையோலை வெறும் படியோலை என்று சொல்லி மூலவோலையைக் காட்டினார். அதிலிருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்ட பிறகே அவை தீர்ப்பளித்தது. அவையோர் சரிபார்த்தது ஆவணத்தை மட்டுமே. உமது வீடு எங்கே என்று தீர்ப்புக்குப் பின்னரே கேட்டார்கள். அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நடந்துபோய் மறைந்தார்.