யார் கையில் விட்டுவிட்டு வந்தேன்?

கனடா விசா விண்ணப்பத்தில், பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. மகளின் பிரசவம் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. அறுபத்தொரு வயதில் முதல்முறையாக நாட்டைவிட்டு வெளியே போகிற பெண்ணுக்கு வேறென்ன நோக்கம் இருக்க முடியும்? கீரமங்கலத்தில் என் தலைமுறைப் பெண்கள் ஊரைவிட்டுப் போன காரணங்களை எண்ணினால் பிரசவம், சாவு, நேர்த்திக்கடன், ஆஸ்பத்திரி என்று நான்கு விரலில் முடிந்துவிடும். சும்மா போய்விட்டு வந்தேன் என்று சொன்னவர் யாரும் என் நினைவில் இல்லை.

கிளம்புவதற்கு முன்பு கடைவீதியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அம்மாவை யாரு பார்த்துக்குவா?" அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டிலோடு இருக்கிறார். நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் என் தம்பியிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கிராமத்தில் பூப்பறிக்கப் போகிற ஒரு பெண்ணை மாதச் சம்பளம் பேசி அம்மாவோடு இரவும் பகலும் இருக்க ஏற்பாடு செய்தேன். அவரிடம் கேட்காமல் அவர் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை.

வான்கூவருக்கு நான் போனது ஐப்பசிக் கடைசியில். குழந்தை பிறந்து பத்தாம் நாள் தாண்டியதும் மகள் சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு அவருக்கு லீவு, அவர் பார்த்துக்குவார். நீ வெளிய போயிட்டு வா. ஏதாவது வாங்கிட்டு வரேன்னு கிளம்பாதே. சும்மா போ."

மெட்ரோடவுனில் 19ஆம் எண் பேருந்தில் ஏறினால் ஸ்டான்லி பூங்காவில் கொண்டுபோய் விடும். அந்தப் பூங்காவைச் சுற்றிக் கடலோரமாகச் சுவர் கட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நவம்பர் நம் ஊருக்கும் மழை மாதம், அந்த ஊருக்கும் மழை மாதம். ஆனால் நம் மழை இடித்து, மின்னி, ஒரேயடியாகக் கொட்டிவிட்டு ஓயும். அங்கே காலையில் தொடங்கிய தூறல் சாயங்காலம் வரைக்கும் அதே அளவில் விழுந்துகொண்டிருக்கிறது. எதிரே மலை இருப்பதாகச் சொன்னார்கள், மேகம்தான் தெரிந்தது. மேப்பிள் இலைகள் நனைந்து பாதையோடு ஒட்டிக் கிடந்தன. கடலுக்குள் ஒரு பாறைமேல் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனதும்தான் சிலை என்று தெரிந்தது. 1972இல் வைத்த சிலையாம். நீச்சலுடையில், ஒரு வேலையும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையிலும் அப்போது குடையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் குழந்தை வண்டியோடு நின்றார். குழந்தை வெள்ளைக்காரக் குழந்தை. என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டதற்கு, தன் இரண்டு பிள்ளைகளும் ஊரில் தன் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னார். அந்த நாட்டுக்கு இப்படி வந்த பெண்கள் ஏராளம். 1992 முதல் 2014 வரை இருந்த ஒரு திட்டத்தில், முதலாளி வீட்டிலேயே தங்கி இருபத்துநான்கு மாதம் வேலை பார்த்தால்தான் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குள் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் பாட்டியிடமோ சித்தியிடமோ வளர்ந்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் பிள்ளையை இன்னொரு பெண் பார்க்க, அவள் பிள்ளையை மூன்றாவது பெண் பார்க்கிற இந்தத் தொடரை ஆர்லி ஹோஷ்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000ஆம் ஆண்டில் உலகப் பராமரிப்புச் சங்கிலி என்று எழுதினார்.

அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே ஊருக்கு போன் போட்டேன். அங்கே மணி மூன்று, கீரமங்கலத்தில் விடிகாலை நாலரை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"இங்க மழை விடல டீச்சர். அம்மா ராத்திரி ரெண்டு தடவை எழுப்பினாங்க. இப்ப தூங்குறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "பொங்கலுக்கு வந்துருவீங்கல்ல? எம் மகளுக்கு ஒன்பதாம் மாசம் ஆகுது. தலைப்பிரசவம். அழைச்சுட்டு வரணும்."

முந்தின நாள்தான் மகள் என்னை மாசிவரைக்கும் இருக்கச் சொல்லியிருந்தாள். நானும் சரி என்றிருந்தேன். சங்கிலி மணிலாவில் தொடங்கி வான்கூவரில் முடிகிற ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு கண்ணி கீரமங்கலத்தில் என் வீட்டுக் கட்டிலில் கட்டியிருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. நாலரை மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது.

முதலில் வந்தது குற்ற உணர்ச்சி. நீ ஏன் கிளம்பினாய், வீட்டிலேயே இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லையே என்றது. இது யோக்கியமான குரல்போலத் தெரியும். ஆனால் அது சொல்லும் தீர்வு என்ன? பெண் நடக்கக்கூடாது என்பதுதான். நான் நடக்காமல் இருந்தால் பூப்பறிக்கிற பெண்ணுக்கு விடுதலை வந்துவிடுமா? இரண்டு பேரும் வீட்டில் இருப்போம், அவ்வளவுதான்.

அடுத்து வந்தது பணம். சும்மாவா பார்க்கிறார், பூப்பறித்தால் கிடைப்பதைவிட அதிகமாகத்தான் கொடுக்கிறேன், ஒப்புக்கொண்டுதானே வந்தார் என்றது. அதுவும் உண்மை. அவருக்குச் சொந்த புத்தி இல்லை என்பதுபோல நான் பேசினால் அது அவரை அவமானப்படுத்துவது. ஆனால் அவர் ஒப்புக்கொண்ட நிலைமையும் எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துப்போட்டது. தேங்காய் வெட்டப் போய்க்கொண்டிருந்த அவர் கணவர் அதற்குப் பிறகு திருப்பூர் போனவர்தான். பூப்பறிக்கிற வேலைக்கு எடைக்கணக்கில்தான் கூலி. அடைமழையில் மொட்டு அழுகினால் எடையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதத்தில் கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, சம்பளம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். சம்பளம் அவருடைய நேரத்துக்கு. மகளின் தலைப்பிரசவத்துக்கு விலை எது? நான் கடல் தாண்டிப் போய் எதைச் செய்துகொண்டிருந்தேனோ, அதே காரியத்தை அவர் தன் வீட்டிலேயே செய்ய நினைக்கிறார். என்னுடையது தாய்மை என்றால் அவருடையது விடுப்புக் கேட்பது ஆகிவிடுமா?

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல், பெண் எழுத வேண்டுமென்றால் வருமானமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று வாதாடினார். வகுப்பில் எத்தனையோ தடவை அதை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் வீட்டில் 1916 முதல் 1934 வரை நெல்லி பாக்ஸல் என்ற பெண் சமையல் செய்தார் என்பதை நான் படித்தது ஓய்வுபெற்ற பிறகுதான். இதனால் வுல்ஃப் கேட்ட அறை தப்பாகிவிடாது. நெல்லியின் அறை எது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டு கட்சியையும் கேட்டபிறகுதான் உறைத்தது: வழக்கில் நான் இருக்கிறேன், அம்மா இருக்கிறார், மகள், பூப்பறிக்கிற பெண், அவர் மகள், வண்டி தள்ளிய பெண், எல்லோரும் இருக்கிறார்கள். என் தம்பி இல்லை. அவனைச் சாட்சிக்குக்கூட நான் கூப்பிடவில்லை. 2019இல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. செய்கிற ஆண்களே நாலில் ஒரு பங்குதான். மீதி முக்கால் பங்கு எங்கே என்று கேட்காமல், பெண்களுக்குள்ளேயே யார் யாருக்குக் கடன்பட்டோம் என்று எவ்வளவு காலம் கணக்குப் பார்ப்பது?

அன்று ராத்திரி தம்பிக்குப் பேசினேன். பொங்கலில் இருந்து இரண்டு மாதம் அம்மா உன் பொறுப்பு என்றேன்.

"நானாக்கா? அம்மாவுக்குக் கூச்சமா இருக்காதா?"

நியாயமான கேள்விதான். கட்டிலில் கிடந்தாலும் உடம்பு அம்மாவுடையது. அதை யார் தொடலாம் என்று சொல்ல எனக்கும் உரிமையில்லை. அதனால் அம்மாவிடமே கேட்டேன். கூச்சத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "அவனுக்கு எதுக்குத்தா சிரமம்?" என்றார். ஐம்பத்தைந்து வயது மகனுக்குச் சிரமம் வரக்கூடாது. அறுபத்தொரு வயது மகளுக்கு வரலாம். அம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டார். குளிப்பாட்ட மட்டும் காலையில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு ஒருவர் வருவது, மற்றதெல்லாம் தம்பி என்று முடிவானது. அம்மா கடைசியில் "சரி, அவன் இஷ்டம்" என்றார்.

அந்தப் பெண் பொங்கலுக்கு முன்பே மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் மாசிவரை வான்கூவரில் இருந்தேன். ஆனால் முதல் வாரம் போன் பண்ணும்போதெல்லாம் எடுத்தது தம்பியின் மனைவி. கஞ்சி, மாத்திரை, ராத்திரி விழிப்பு எல்லாம் அவர் தலையில் இறங்கியிருந்தது. தம்பியிடம் இருந்து நான் எடுத்த கணக்கை அவன் அப்படியே பக்கத்துக் கைக்கு மாற்றிவிட்டான். நான் தம்பியோடு சண்டை போட்டேன். சண்டையால் நடந்தது ஒன்றுமில்லை.

அதற்கடுத்த வாரம் தம்பி மனைவி அறந்தாங்கியில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போய்ப் பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளில்தான் தம்பி கஞ்சி வைக்கவும், அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், மூத்திரப் பை மாற்றவும் கற்றுக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் யாரோ அவரிடம், அங்க என்ன விசேஷம், யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்களாம்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் போறேன்" என்றாராம்.