அழியாத நிறம், அழியாத கடன்

துணி எடுக்கும்போது நாம் முதலில் கேட்பது, ‘சாயம் போகாதே?’ என்பதுதான். வெயிலில் வெளுக்கக் கூடாது. வேர்வையில் மங்கக் கூடாது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் புதிது போலவே இருக்க வேண்டும். நியாயமான ஆசைதான். பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பால் ஒன்றிவிடும் ரியாக்டிவ் சாயங்கள் அந்த ஆசைக்கு வேதியியல் தந்த விடை.

ஆனால் தொட்டியில் கரைத்த சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. ஏறாதது அலசிய நீரோடு வெளியேறுகிறது. சாயத்தை இழையில் ஏற்றுவதற்காகக் கொட்டிய உப்பும் கூடவே போகிறது. அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 60 கிராமுக்கும் மேல் உப்பு தேவைப்படும். கடல்நீரிலேயே ஏறத்தாழ 35 கிராம்தான்.

திருப்பூரில் இந்தச் சுமையை நொய்யல் ஆறு தாங்கியது. அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. மழைக்கு ஏங்கும் மண்ணில் பிறந்த விவசாயியே, அணையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்பதே அவை மீண்டும் இயங்குவதற்கான நிபந்தனையாயிற்று.

சுத்திகரிப்பின் ஒவ்வொரு படியும் நமக்கு ஒரு பாடம். காற்றில்லாத தொட்டியில் நுண்ணுயிர்கள், பல சாயங்களின் நிறத்துக்கு ஆதாரமான அசோ பிணைப்பை உடைக்கின்றன. நிறம் மறைகிறது. நம் கண் நிம்மதியடையும் அந்த வேளையில்தான் நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள் பிறக்கின்றன. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்க வல்லவை. தெளிந்து தெரிவதெல்லாம் தூய்மையல்ல. ஓசோனைச் செலுத்தியோ, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ராக்சில் ராடிகலைக் கொண்டோ அவற்றையும் சிதைத்துவிடலாம். அதற்குப் பிறகும் உப்பு அப்படியே நிற்கிறது. அதை நெருப்பும் எரிக்காது, நுண்ணுயிரும் தின்னாது. சவ்வில் வடித்து, எவாப்பரேட்டரில் காய்ச்சிப் பிரித்தெடுக்கலாம், அவ்வளவே. மீட்ட உப்பு மறுபடியும் சாயத்தொட்டிக்குத் திரும்புகிறது. மீட்க முடியாத கலப்பு உப்போ மூட்டை மூட்டையாக ஷெட்டுக்குள் காத்திருக்கிறது.

அந்த மூட்டைகள் முன்பும் இருந்தன. ஆற்றில் கரைந்திருந்ததால் நாம் பார்க்கவில்லை. நம் கண்ணைவிட்டு அகன்றதை உலகைவிட்டே அகன்றதாக எண்ணிக்கொள்வது மனிதனின் பழைய மயக்கம். நம் வாசலைத் தாண்டிய கழிவு இன்னொருவர் கிணற்றில் இறங்குகிறது. நாம் மறந்த செயலின் பயன் இன்னொருவர் வயலில் விளைகிறது. உடலில் உடுத்தும்போது ‘தரம்’ என்று நாம் போற்றிய அதே உறுதிதான், ஆற்றில் இறங்கியதும் ‘மாசு’ என்று பெயர் பெறுகிறது. சாயத்தின் குணம் மாறவில்லை. அதை எதிர்கொள்பவர் மட்டுமே மாறியிருக்கிறார்.

ஆகவே, சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைத் தொழிலின் மேல் விழுந்த அபராதமாக நினைப்பது பிழை. அது அந்த நிறத்தின் உண்மையான விலையில் இதுவரை ஆறும் உழவரும் நமக்காகச் செலுத்தி வந்த பங்கு. அதைப் பட்டறைக்காரர் மட்டுமே சுமக்க வேண்டுமென்பதும் நீதியாகாது. மலிவைத் தேடி வாங்கும் நம் கைகளுக்கும், எங்கோ தொலைவில் அந்த நிறம் ஏறிய பனியனை அணிபவரின் கைகளுக்கும் அதில் பங்குண்டு. அழிகின்ற பொருளைச் செய்தவன் அதன் அழிவோடு விடுபடலாம். ஆனால் இயற்கை தன் காலக்கணக்கில் கரைக்க முடியாத ஒன்றைத் தன் விருப்பத்துக்காகப் படைக்கின்ற சமூகம், அது நிலைத்திருக்கும் காலம் முழுவதற்கும் தானே பொறுப்பேற்கக் கடமைப்பட்டிருக்கிறது.