காய்ந்த ரோட்டில் தெரியாது

உங்கள் காரின் டயரைக் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்? காற்று இருக்கிறதா என்று பார்ப்பதைச் சொல்லவில்லை. சில வகை டயர்களின் பக்கவாட்டில் 'ரொட்டேஷன்' என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். கார் முன்னால் போகும்போது அந்த அம்பு காட்டும் திசையில்தான் சக்கரம் உருள வேண்டும். டயரில் வெட்டியிருக்கும் 'வி' வடிவப் பள்ளங்களின் கூர்முனை முதலில் தரையைத் தொட்டால், மழைத் தண்ணீரை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். திருப்பி மாட்டினால் தண்ணீர் நடுவுக்கு வரும். டயருக்கும் ரோட்டுக்கும் இடையில் தண்ணீர் புகுந்துவிட்டால் பிரேக் இருந்தும் பிரயோஜனமில்லை.

காய்ந்த ரோட்டில்? ஒன்றுமே தெரியாது. சிக்கலே அங்கேதான்.

என் காரில் இதைக் கண்டுபிடித்தவர் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான். ''ஏனுங் மாப்ளே, டயரைத் திருப்பியில்ல பூட்டியிருக்கான்!'' என்றார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் பாலபாடம். பின் டயரை மாற்றிப் பூட்டினால் சேறு வெளியே போகாமல் அப்பிக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். சேற்று வயல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அவினாசி ரோடு காட்டிக்கொடுக்காது.

டயர் ஒரே மாதிரி தேயட்டும் என்று, முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றச் சொல்லியிருந்தேன். கடையில் இடதையும் வலதையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். போய்க் கேட்டேன். வேலை பார்த்த பையன் தலையைச் சொறிந்தான்.

''அன்னிக்குச் சாயங்காலமே ஞாபகம் வந்துருச்சுங்ணா. முதலாளி வைவாருன்னு சொல்லலைங்க. மழைக்கு இன்னும் நாள் கெடக்குதேன்னு நெனைச்சனுங்க.''

எனக்கு வந்ததே கோபம்! நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் கதையைச் சொல்லிப் பாடமே நடத்திவிட்டேன். 2005 ஜூனில், இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். அந்த வேகமான வளைவில் எங்கள் டயர் தாங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று மிஷெலின் கம்பெனியே சொல்லிவிட்டது. பந்தயம் தொடங்கும் நேரத்தில் 14 கார்கள் ஒதுங்கிக்கொண்டன. வேறு கம்பெனி டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் வாங்கியது அன்றைக்குத்தான். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். மிஷெலின் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ''உலகமே பார்க்க ஒத்துக்கிட்டாங்க. உன்னால ஒரு போன் பண்ண முடியலையா?'' என்றேன். பையன் பதில் பேசாமல் நாலு சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றினான். அரை மணி நேர வேலை.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மச்சான் சொன்னதற்கும் நான் கடைக்குப் போனதற்கும் நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தது. அதில் ஒரு சனிக்கிழமை, நண்பன் ஒருவன் குடும்பத்தோடு வால்பாறை போக என் காரைக் கேட்டான். ஆனி மாதம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். சாவியைக் கொடுத்தேன். ஏ.சி. சுவிட்ச் கொஞ்சம் இறுக்கம் என்றேன். பெட்ரோல் பற்றிச் சொன்னேன். டயரைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் 'இன்னும் ஏன் சரி பண்ணலை?' என்று கேட்பானே!

அட்டகட்டிக்கு மேலே நல்ல மழையாம். ஒன்றும் ஆகவில்லை. ''வண்டி தங்கம்ப்பா'' என்று சொல்லி ஒரு பாக்கெட் டீத்தூளும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது தப்பு இல்லையா? அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊரே என்னைக் காறித் துப்பியிருக்கும். நானும் என்னை மன்னித்திருக்க மாட்டேன். ஆனால், சாவியைக் கொடுத்த கை இரண்டிலும் ஒன்றுதானே? நடுவில் வேலை செய்தது மழையும் அதிர்ஷ்டமும். அதற்காக எனக்கு எப்படி நல்ல பெயர் கிடைக்கும்? போகட்டும், அந்தப் பையனுக்காவது முதலாளி பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்?

டீத்தூள் தீர்ந்துவிட்டது. நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.