வட்டப்பாறையும் பன்னிரண்டு வோல்ட்டும்

விழுப்புரத்துக்கு அருகே, பம்பையாற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். தேவார மூவரும் பாடிய தலம். அங்குள்ள வட்டப்பாறைக்கு இந்த வட்டாரத்தில் இன்றும் பயம் உண்டு. பாகப்பிரிவினைத் தகராறு, கொடுக்கல் வாங்கல் வழக்கு என்றால், “வட்டப்பாறையில் வந்து சத்தியம் செய்” என்பார்கள். பாதிப் பேர் அங்கே போகும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

தலக்கதை ஒன்று உண்டு. தம்பியின் பங்கை ஏமாற்றிய அண்ணன், பணத்தைக் கைத்தடிக்குள் ஒளித்து, தடியைத் தம்பியிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, “என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் அவனிடம்தான் இருக்கிறது” என்று பாறைமேல் சத்தியம் செய்தான். சொல்லில் பொய் இல்லை. தப்பிவிட்டோம் என்று நடந்தவனைத் தும்பூர்ப் பக்கம் பாம்பு தீண்டியது. அந்தப் பாறையின் பார்வைக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை என்று கதை கட்டிய ஊருக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

திருமூலர் இறைவனுக்கு வைத்த பெயர்களில் ஒன்று ‘கண்காணி’. ஆளில்லை என்று எண்ணிக் களவு செய்கிறவனுக்கும் எங்கும் நிறைந்த ஒரு கண்காணி உண்டு என்பது திருமந்திரத்தின் வாக்கு. அதே சொல்லைத்தான் பின்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கூலியாட்களை மேய்த்தவருக்கும் வைத்தோம். இன்று கோபுரவாசலில் இருக்கும் ‘கண்காணிப்புக் கேமரா’வின் பெயரிலும் அதே சொல்தான்.

இங்கேதான் பக்தர் ஒருவருக்கு நியாயமான சந்தேகம் எழும். எல்லாம் பார்க்கிற சாமி உள்ளே இருக்கும்போது வாசலில் கேமரா எதற்கு? அது நம்பிக்கைக் குறைவு இல்லையா?

விடை தேட, கேமராவின் வயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வழக்கமான கேமரா 12 வோல்ட்டில் ஓடுகிறது. கோயில் அலுவலக அறையில் அடாப்டரை வைத்து, வெளிப்பிராகார மூலை வரை 80 மீட்டர் கேபிள் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக 160 மீட்டர். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்த நீளத்துக்கு ஏறத்தாழ 5.6 ஓம் தடை. பகலில் கேமரா 0.2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.1 வோல்ட் போய்விடும், மிச்சம் 10.9. பத்து சதவீதக் குறைவு வரை பல கேமராக்கள் தாங்கும், அதாவது 10.8 வரை. மயிரிழையில் பிழைக்கிறது.

பொழுது சாய்ந்ததும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். இழுப்பு 0.5 ஆம்பியராக ஏறும். வழியில் 2.8 வோல்ட் போக, கேமராவுக்குக் கிடைப்பது 9.2தான். படம் கலங்கும், அணையும், மறுபடி உயிர் பெறும், மறுபடி அணையும். வாங்கிய அன்று பகலில் பளிச்சென்று தெரிந்த கேமரா, திருடன் வரக்கூடிய நேரம் பார்த்துக் கண்ணை மூடுகிறது. மேல்மலையனூரில் அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கேமரா தேவைப்படுவதே அந்த இருட்டில்தான்.

தீர்வு கடினமில்லை. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அதே இரவில் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி விலை மலிவு, தடை அதிகம். அதைத் தவிர்க்க வேண்டும். வீட்டு மின்சாரத்தையே கேமராவுக்குப் பக்கத்தில் பாதுகாப்பாகக் கொண்டுபோய் அங்கே அடாப்டர் வைக்கலாம். நெட்வொர்க் கேமரா என்றால், படம் வரும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பி.ஓ.இ. சுவிட்ச் 48 வோல்ட் அளவில் 100 மீட்டர் வரை கொண்டுசேர்க்கும். திண்டிவனம் பக்கத்து மயிலம் போல மலைமேல் இருக்கும் கோயில்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

ஆக, கேமராவின் பார்வை தூரத்தில் மெலிகிற பார்வை. அதைத் திருமூலரின் கண்காணிக்குப் போட்டியாக நிறுத்துவது தவறு. கேமரா மனிதக் கடமையின் நீட்சி, அவ்வளவுதான். அந்தக் கடமை தேவையும்கூட. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் பூசை குறைந்து பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து களவுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல்தான் அவர் திரும்பி வந்தார். மனிதர்கள் விலகிப்போன இடத்தில் களவு நுழைந்தது.

கேமராவால் ஆகாததும் உண்டு. விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்தவர்கள் இருட்டில் செய்யவில்லை; ஊரறியச் செய்தார்கள். 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறந்தது. 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். யார் பார்த்தாலும் கவலைப்படாத அநியாயத்துக்கு முன்னால் எந்தக் கேபிளும் உதவாது.

களவுக்காவது உதவட்டும். கோயிலில் கேமரா வைத்திருக்கும் நிர்வாகிகள் ஓர் இரவு, அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில், கடைசிக் கேமராவின் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 10.8க்குக் கீழே காட்டினால் அடுத்த திருவிழாவுக்கு முன்பே கம்பியை மாற்றிவிடுங்கள்.