பில் இருக்கு... பாத்தியதை இருக்கா?

சனி, ஞாயிறோடு ஒரு வெள்ளிக்கிழமையும் சேர்ந்து லீவாக அமைந்துவிட்டால் போதும், சென்னைக்காரர்களில் பாதிப்பேர் கும்பகோணத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காலையில் நாலு கோயில், நடுவே டிகிரி காபி, மத்தியானம் இலைச் சாப்பாடு. சாயங்காலம்? அந்த நேரத்துக்கென்றே ஒரு பழக்கம் வந்திருக்கிறது. 'ஆன்ட்டிக்' கடை பார்ப்பது!

தஞ்சாவூர், கும்பகோணம், சுவாமிமலை, இன்னும் தெற்கே இறங்கினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. உள்ளே போனால் வெளியே வர மனசு வராது. மரக்கால், பாக்குவெட்டி, பித்தளைக் கூஜா, பல்லாங்குழி, எனாமல் டிபன் கேரியர், ரவிவர்மா படம், யார் வீட்டுத் தூணோ, யார் வீட்டு நிலைப்படியோ! சில கடைகளில் கல்யாண போட்டோகூட மாட்டியிருக்கும். கோட்டு போட்ட மாப்பிள்ளை, பக்கத்தில் மிரண்டுபோய் நிற்கும் பெண். "போட்டோவுக்குக் காசு இல்லை சார், ஃப்ரேமுக்குத்தான். அசல் தேக்கு" என்பார் கடைக்காரர்.

அப்படி ஒரு கடையில், என்னோடு வந்த நண்பர் ஒரு பித்தளைத் தவலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. பேர் தேய்ந்துவிட்டது; 'அம்மாள், குடவாசல்' என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இது எப்படிங்க உங்ககிட்ட வந்தது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "தவலை மட்டும் வேணும்னா ஒரு ரேட் சார். கதையும் சேர்த்து வேணும்னா வேற ரேட்!"

ஜோக்தான். ஆனால், யோசித்துப் பார்த்தால் இந்த வியாபாரத்தின் மொத்த தர்மசங்கடமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிவிட்டால் ஒரு பொருள் நம்முடையதாகிவிடுமா? அது வந்த வழியையும் சேர்த்துத்தான் நாம் வாங்குகிறோமா?

நண்பருக்குச் சந்தேகமே இல்லை. "என்னப்பா நீ? கேட்ட காசைக் கொடுக்கிறேன், பில் வாங்கிக்கிறேன். அதுக்கு மேல எனக்கென்ன கவலை?" என்றார்.

பி.காம் படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு பரீட்சைக்குத் தவறாமல் வரும். சுருக்கம் இதுதான்: தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால், திருட்டுப் பொருள் பத்து கை மாறி, பத்து பில் போட்டு வந்தாலும் திருட்டுப் பொருள்தான். பில் என்பது காசு கொடுத்ததற்குச் சாட்சி. பாத்தியதைக்குச் சாட்சி இல்லை.

இந்தப் பாடத்தை உலகத்துக்கே நடத்திக் காட்டிய ஊர், குடவாசல் இருக்கிற அதே திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பத்தூர் என்று பெயர். 1976-ல் அங்கே ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது சிலைகள் கிடைத்தன. அதில் ஒரு நடராஜர். புதையல் கிடைத்தால் சர்க்காருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்தாயிற்று. சொல்லவில்லை. கை மாறிக் கை மாறி நடராஜர் லண்டனுக்குப் போய்விட்டார். 1982-ல் கனடாவைச் சேர்ந்த பம்ப்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி, ஒரு டீலரிடமிருந்து அவரை வாங்கியது. சிலையைப் பழுதுபார்த்து மதிப்பிடுவதற்காக பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போலீஸ் வந்து எடுத்துக்கொண்டுவிட்டது.

வழக்கு லண்டன் கோர்ட்டுக்குப் போனது. ஒரு பக்கம் கம்பெனி. எதிர்ப்பக்கம் இந்திய அரசு, தமிழக அரசு, கூடவே பத்தூர் கோயில். இன்னொரு கட்சிக்காரர் யார் தெரியுமா? கோயிலில் இருந்த சிவலிங்கம்!

கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கம்பெனி திருடவில்லை. நல்லெண்ணத்தோடுதான் வாங்கியது என்பதை கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. கோயிலோ இடிந்து கிடந்தது. விளக்கேற்றக்கூட ஆள் இல்லாத இடம். ஆனாலும் 1988-ல் தீர்ப்பு சொன்ன நீதிபதி ஒரு அபாரமான காரணம் சொன்னார். 12-ம் நூற்றாண்டில் நிலம் கொடுத்து அந்தக் கோயிலைக் கட்டினாரே ஒரு மனிதர், அவருடைய பக்தியின் நோக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் உருவம்தான் அந்த லிங்கம் என்றார். கம்பெனி அப்பீல் போனது. 1991-ல் அங்கேயும் தோற்றது. அதே வருடம் நடராஜர் கப்பல் ஏறாமலே விமானத்தில் ஊர் திரும்பினார்.

எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் நினைத்த நினைப்பு! அதற்கு லண்டன் கோர்ட் மரியாதை கொடுத்தது. நாம் கொடுக்கிறோமா?

வாங்கியவர்களுக்கு விவரம் தெரியாது, பாவம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் டீலர் சுபாஷ் கபூர். கலைக்கூடத்தில் படித்தவர்களுக்கா பஞ்சம்? காகிதம் கேட்டார்கள், காகிதம் வந்தது. காகிதம் பொய். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள்தான் உண்மையைச் சொல்லின. 2014-ல் சிலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2011-ல் ஜெர்மனியில் கைதான கபூருக்கு, வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் கோர்ட் 2022-ல் பத்து வருடத் தண்டனை விதித்தது.

கேள்வி கேட்பதில் இரண்டு வகை இருக்கிறது. பதில் தெரிய வேண்டும் என்று கேட்பது ஒன்று. 'கேட்டேன்' என்று சொல்லிக்கொள்வதற்காகக் கேட்பது இன்னொன்று. பிடித்த பொருள் கண்ணெதிரே இருக்கும்போது நாம் எல்லோரும் இரண்டாவது வகைக்கு நழுவிவிடுகிறோம்.

சரி, தவலைக்கு வருவோம். தவலை சாமி இல்லையே?

இல்லைதான். இங்கே கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் வாங்காவிட்டால் அந்தத் தவலை என்ன ஆகியிருக்கும்? எடைக்குப் போய், உருகி, குழாய் மூடியாக மாறியிருக்கும். தூண் விறகாகியிருக்கும். போட்டோ குப்பைக்குப் போயிருக்கும். வீட்டுச் சாமானை விற்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. கஷ்டத்துக்கு விற்றிருக்கலாம், இடம் இல்லாமல் விற்றிருக்கலாம், அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் 'எல்லாத்தையும் தள்ளிவிடுங்க' என்று போனில் சொல்லியிருக்கலாம். அதில் குறை சொல்ல நாம் யார்?

ஆக, கோடு இங்கேதான் விழுகிறது. ஒரு வீட்டுக்குச் சொந்தமானதை அந்த வீடு விற்கலாம். ஓர் ஊருக்குச் சொந்தமானதை விற்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. தர்மகர்த்தாவுக்கும் கிடையாது, அர்ச்சகருக்கும் கிடையாது. தேர்ச் சிற்பம், கோயில் மணி, உற்சவர், வாகனம் எல்லாம் இந்த இரண்டாவது கணக்கு. இறந்துபோனவர்களும் இனி பிறக்கப்போகிறவர்களும் அதில் பங்குதாரர்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்க முடியாது. அதனால் அந்தக் கிரயம் ஒருநாளும் செல்லாது.

குடவாசலுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தாகம். தண்ணீர் கேட்டான். உடனே வரவில்லை. பிறகு வந்தது. கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமலே உயிர் விட்டான் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. அந்தக் குடவாயில்தான் இன்றைய குடவாசல் என்பார்கள். உயிர் காக்கிற தண்ணீரையே, வந்த விதம் சரியில்லை என்று ஒருவன் ஒதுக்கியிருக்கிறான். நம்முடைய ஹாலின் மூலையை நிரப்புகிற அலங்காரப் பொருளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

கடை பார்ப்பது தப்பில்லை. தாராளமாகப் பாருங்கள். ஆனால், நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் என்று யாராவது காட்டினால், 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா, விற்பவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். சாமி வேண்டும் என்றால் சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகில் பிடித்து, காவிரி வண்டல் பூசி, கண்ணெதிரே வார்த்துக் கொடுக்கிற ஸ்தபதிகள் இருக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற வழியிலேயே நாச்சியார்கோவில். குத்துவிளக்கு செய்தவரிடமே வாங்கலாம். நூறு வருடம் கழித்து அதுவும் ஆன்ட்டிக்தான். யாருடையது என்ற சந்தேகமே இல்லாத ஆன்ட்டிக்!

நண்பர் அந்தத் தவலையை வாங்கிவிட்டார். வீட்டுச் சாமான், வாங்கலாம். கடைக்காரரும் கடைசியில் கதையை இலவசமாகவே சொன்னார்: வீட்டை இடித்தார்களாம், பரணைக் காலி செய்தார்களாம், கிலோ கணக்கில் போட்டார்களாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பாத்திரம் கிடக்கும். அதில் வெட்டியிருக்கிற பேர் யாருடையது என்று சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.